முற்றுப்பெறாத ஆட்டத்தின் விலை



வானொலியில் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே, இவருக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று வீட்டிலிருக்கும் தாய்மார்கள் எண்ணக்கூடும். சற்றே பொறுமையாகக் கேளுங்கள். ஆடக் கற்றுக்கொடுப்பது என் நோக்கமன்று. ஆட்டத்தின் நடுவே மனிதனுடைய மனத்தில் எழுகின்ற ஓர் ஆசையை அளந்து பார்க்க, அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில், இரண்டு வீடு தள்ளி ஒரு மாமா குடியிருந்தார். உழைப்பாளி. பால் வெட்டுவதில் அவருக்கு நிகர் அவர்தான். ஆனால் சம்பள நாள் இரவு மட்டும் அவர் வீடு திரும்ப மாட்டார். விடியற்காலையில் வெறுங்கையோடு வந்து வாசற்படியில் உட்காருவார். "இன்னும் ஒரே ஒரு சீட்டு வந்திருந்தா போதும், எல்லாப் பணமும் நம்ம கையிலதான்" என்பார். ஒரு நாள் அத்தை கேட்டார்: "ஏங்க, அந்தச் சீட்டு வரும்னு உங்களுக்கு யாரு சொன்னது?" மாமா பதில் சொல்லவில்லை. அவரிடம் பதில் இல்லை.

நேயர்களே, அத்தை கேட்ட அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி அன்று. முடிவு தெரியாத ஆட்டத்தில், இன்னும் வராத சீட்டுக்கு என்ன மதிப்பு? ஐரோப்பாவின் பேரறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டது இதே கேள்விக்குத்தான்.

எண்ணிப் பார்ப்பதற்கும் சூதுக்கும் உள்ள உறவை நம் முன்னோரும் உணர்ந்திருந்தனர். மகாபாரதத்திலே வரும் நளன் கதையை நீங்கள் அறிவீர்கள். புகழேந்திப் புலவர் அதை நளவெண்பாவாகத் தமிழில் பாடியிருக்கிறார். சூதில் நாட்டை இழந்த நளன், உருமாறி அயோத்தி மன்னனுக்குத் தேரோட்டியாக வேலை பார்க்கிறான். வழியில் ஒரு தான்றி மரம். அதன் காய்கள் எத்தனை என்று அந்த மன்னன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறான். நளன் தேரை நிறுத்திச் சரிபார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அந்த வித்தையைக் கற்ற பிறகே அவன் இழந்த நாட்டைச் சூதாடி மீட்கிறான். அக்காலத்தில் சூதாடுவதற்குத் தான்றிக் கொட்டைகளையே பயன்படுத்தினார்கள் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். சூதின் மர்மம் மந்திரத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது என்ற கருத்து அந்தக் கதைக்குள்ளே ஒளிந்திருக்கிறது. ஆனால் கதை கருத்தோடு நின்றுவிட்டது. கணக்கு முறையாக வளர்ந்தது வேறோர் இடத்தில்.

சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது 14ஆம் நூற்றாண்டில். அடுத்த 200 ஆண்டுகளில் அரண்மனை முதல் சத்திரம் வரை எங்கும் சீட்டாட்டம் பரவிவிட்டது. இத்தாலியில் 'பிரிமேரோ' என்றோர் ஆட்டம் இருந்தது. கையிலுள்ள நான்கு சீட்டுகளும் ஒரே இனமாக அமைந்தால் அது உயர்ந்த கை. பிற்காலத்துப் போக்கர் ஆட்டத்திற்கு இதை ஒரு பாட்டன் என்று சொல்லலாம்.

இந்த ஆட்டத்தைக் கணக்குக் கண்ணால் பார்த்தவர் ஜெரோலமோ கார்டானோ. 1501இல் பிறந்து 1576இல் மறைந்த இவர் மருத்துவர், கணித மேதை, அதோடு பெரும் சூதாடி. தம் ஆயுளில் பல ஆண்டுகளைச் சூதாட்டத்தில் கழித்ததை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். ஒரு காலத்தில் மனைவியின் நகைகளையும் வீட்டுச் சாமான்களையும் அடகு வைக்கும் நிலைக்கு வந்தார். அந்த அனுபவம் வாங்கிக்கொடுத்த அறிவைத்தான் அவர் பகடை, சீட்டு ஆகியவற்றைப் பற்றிய ஒரு சிறு நூலாக எழுதினார். ஒரு காரியம் நடக்கக்கூடிய வழிகள் எத்தனை, அவற்றுள் நமக்குச் சாதகமானவை எத்தனை என்று எண்ணி, இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்ற அடிப்படையை அவர் கண்டுகொண்டார். சூதாட்டத்தில் ஆடாமல் இருப்பதே பெரிய ஆதாயம் என்ற கருத்தையும் அதே நூலில் எழுதி வைத்தார். ஆனால் அந்த நூல் அவர் இறந்து வெகு காலம் கழித்து, 1663இல்தான் அச்சேறியது.

கார்டானோவுக்குப் பின் கலிலியோ. வானத்தைத் தொலைநோக்கியால் ஆராய்ந்த அதே கலிலியோதான். மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வருவதற்கும் 6 விதமான சேர்க்கை உண்டு. 10 வருவதற்கும் 6 விதமான சேர்க்கை உண்டு. அப்படியிருக்க, 10 சற்று அதிகமாக விழுகிறதே, ஏன்? இந்த ஐயத்தை அவருடைய புரவலர் எழுப்பினார். கலிலியோ பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தார். மூன்று பகடைகள் விழக்கூடிய வழிகள் மொத்தம் 216. அவற்றுள் 9 வருவது 25 வழிகளில். 10 வருவது 27 வழிகளில். 3, 3, 3 என்று விழ ஒரே வழிதான் உண்டு. 2, 3, 4 என்று விழ ஆறு வழிகள் உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணியதுதான் பிழை. கண்ணுக்குச் சமமாகத் தெரிவதெல்லாம் சமமல்ல என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம்.

இரண்டு பேர் சமமாகப் பணம் வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் வென்றவருக்கு முழுப் பணமும் சேரும். ஒருவர் இரண்டு ஆட்டம் வென்றிருக்கிறார், மற்றவர் ஒன்று. அந்த நேரத்தில் ஏதோ காரணத்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பங்கிடுவது?

1494இல் லூக்கா பச்சோலி என்ற இத்தாலியக் கணித ஆசிரியர் ஒரு விடை சொன்னார். வென்ற ஆட்டங்களின் விகிதப்படி, இரண்டுக்கு ஒன்று என்று பிரித்துவிடலாம் என்பது அவர் முடிவு. நியாயமாகத்தான் தோன்றுகிறது, அல்லவா? 1556இல் தார்த்தாலியா என்பவர் இதை மறுத்தார். ஒரே ஓர் ஆட்டம் முடிந்தவுடன் நின்றுபோனால், அந்த ஓர் ஆட்டத்தை வென்றவரே எல்லாப் பணத்தையும் எடுத்துக்கொள்வதா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அவரிடமும் சரியான விடை இல்லை.

விடை கிடைத்தது 1654ஆம் ஆண்டில். பிரான்சு நாட்டில் மெரே என்ற பட்டம் பூண்ட ஒரு கனவான் இருந்தார். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையாவது ஆறு விழும் என்று பந்தயம் கட்டினால் ஆதாயம். 1,296 வழிகளில் 671 வழிகள் பந்தயம் கட்டியவருக்குச் சாதகம். அப்படியானால் இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு முறையாவது இரட்டை ஆறு விழும் என்ற பந்தயமும் அதே அளவு ஆதாயமாக இருக்க வேண்டுமே? நான்குக்கு ஆறு எப்படியோ, 24க்கு 36 அப்படித்தானே? ஆனால் அந்தப் பந்தயத்தில் வெற்றி வாய்ப்பு 100க்கு 49 மட்டுமே. சிறு நட்டம். இது அவருக்கு விளங்கவில்லை. இதையும் பணப் பங்கீட்டுச் சிக்கலையும் அவர் பிளேஸ் பாஸ்கல் என்ற இளம் அறிஞரிடம் கொண்டு சென்றார்.

பாஸ்கலுக்கு அப்போது வயது 31. வரி அலுவலில் இருந்த தம் தந்தையின் கணக்கு வேலையை எளிதாக்குவதற்காக இளம் வயதிலேயே கூட்டல் இயந்திரம் ஒன்றை அமைத்தவர் அவர். பாரிசில் இருந்த பாஸ்கல், துலூசு நகரில் நீதித்துறையில் பதவி வகித்த பியேர் ஃபெர்மாவுக்குக் கடிதம் எழுதினார். ஃபெர்மா ஓய்வு நேரத்தில் கணிதம் பயின்றவர். ஆயினும் அக்காலத்தின் தலைசிறந்த கணித அறிஞர்களுள் ஒருவர். அந்த ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து சில மாதங்கள் இருவருக்கும் இடையே கடிதங்கள் போய்வந்தன. நிகழ்தகவு என்று இன்று நாம் அழைக்கும் கணிதத் துறை அந்தக் கடிதங்களில்தான் பிறந்தது.

பாஸ்கல் எடுத்துக்கொண்ட கணக்கையே பார்ப்போம். ஒவ்வொருவரும் 32 பொற்காசு வைத்திருக்கிறார்கள், மொத்தம் 64. முதல்வர் இரண்டு ஆட்டம் வென்றிருக்கிறார், இரண்டாமவர் ஒன்று. அடுத்த ஆட்டத்தை முதல்வர் வென்றால் 64 காசும் அவருக்கே. தோற்றால் இருவரும் சமநிலை, ஆளுக்கு 32. ஆகவே வென்றாலும் தோற்றாலும் 32 காசு முதல்வருக்கு உறுதி. எஞ்சிய 32 காசுதான் ஐயத்தில் இருக்கிறது. அதில் இருவருக்கும் சம வாய்ப்பு, ஆளுக்குப் பாதி. எனவே முதல்வருக்கு 48, இரண்டாமவருக்கு 16.

ஃபெர்மா வேறு வழியில் போனார். அதிகமாகப் போனால் இன்னும் இரண்டு ஆட்டங்களில் முடிந்துவிடும். இரண்டு ஆட்டங்கள் நான்கு விதமாக முடியலாம். அவற்றுள் மூன்றில் முதல்வர் வெல்கிறார். இரண்டு ஆட்டத்தையும் இரண்டாமவரே வெல்லும் ஒன்றில் மட்டும் அவர் தோற்கிறார். மூன்றுக்கு ஒன்று. அதே 48, அதே 16.

இதிலுள்ள புதுமையைக் கவனியுங்கள். பச்சோலி, நடந்து முடிந்ததைப் பார்த்துப் பங்கு போட்டார். பாஸ்கலும் ஃபெர்மாவும் இனி நடக்கக்கூடியதைப் பார்த்துப் பங்கு போட்டார்கள். வராத நாளையை எண்ணி, அதற்கு இன்றைக்கே ஒரு விலை சொல்ல மனிதனால் முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது. 1657இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் இந்த முறையை ஒரு நூலாக அச்சிட்டார். 1713இல் வெளிவந்த யாக்கோபு பெர்னூலியின் நூல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஓரிரு முறை எது வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் ஆட்டம் ஆயிரம், பத்தாயிரம் என்று பெருகப் பெருக, விளைவு கணக்கு சொன்ன விகிதத்தை நெருங்கி வரும் என்று அவர் நிறுவினார்.

இப்போது கப்பலேறி அமெரிக்காவுக்குப் போவோம்.

1803ஆம் ஆண்டு பிரான்சு தன் லூசியானா நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு விற்றது. அதன் துறைமுகம் நியூ ஆர்லின்ஸ். பிரெஞ்சுக்காரர் ஆடிவந்த 'போக்' என்னும் சீட்டாட்டத்தின் பெயரே அங்கே போக்கர் என்று மருவியது என்பர். 1812 முதல் மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கின. பருத்தி வியாபாரிகளும் தரகர்களும் பல நாட்கள் படகிலேயே பயணம் செய்தார்கள். அவர்கள் கையில் பணமும் நேரமும் இருந்தன. அவர்களைத் தேடித் தொழில்முறைச் சூதாடிகளும் படகேறினார்கள். ஆட்டம் ஆற்றோடு மேலே ஏறியது.

தொடக்கத்தில் 20 சீட்டுகளை வைத்து ஆடினார்கள். பிறகு 52 சீட்டுகள் கொண்ட முழுக்கட்டு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு புதிய விதி சேர்ந்தது: கையிலுள்ள ஐந்து சீட்டுகளில் வேண்டாததைக் கீழே போட்டுவிட்டு, கட்டிலிருந்து வேறு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது போர்வீரர்கள் இதை நாடெங்கும் பரப்பினார்கள். இந்த ஒரு விதி ஆட்டத்தின் தன்மையையே மாற்றிவிட்டது. அதுவரை சீட்டாடியவன் கையில் இருப்பதை வைத்துப் பந்தயம் கட்டினான். இனி, கையில் இல்லாததை நம்பியும் பந்தயம் கட்டலாம்.

இங்கேதான் நம் லயத்து மாமா உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் நான்கு இஸ்பேடு. ஐந்தாவது ஏதோ ஒரு டைமன். ஐந்தும் இஸ்பேடாக அமைந்தால் உயர்ந்த கை. டைமனைக் கீழே போட்டு ஒரு சீட்டு எடுக்கிறார். அது இஸ்பேடாக இருக்க என்ன வாய்ப்பு?

ஃபெர்மாவைப் போல எண்ணுவோம். கட்டில் 52 சீட்டுகள். மாமா பார்த்தவை ஐந்து. பார்க்காதவை 47. இஸ்பேடு மொத்தம் 13, நான்கு அவர் கையில், மீதி ஒன்பது. ஆகவே 47 வழிகளில் ஒன்பது வழிகள் சாதகம். ஏறக்குறைய 100க்கு 19. ஐந்து முறை முயன்றால் ஒரு முறைகூட முழுதாக வராது.

"மற்றவர்கள் கையிலும் இஸ்பேடு இருக்குமே, அதைக் கழிக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்கள் கையில் இருக்கும் சீட்டு நமக்குத் தெரியாது. தெரியாத சீட்டு எதிராளியின் கையில் இருந்தாலும் ஒன்றுதான், கட்டின் அடியில் இருந்தாலும் ஒன்றுதான். நாம் எடுக்கப்போகும் சீட்டு அந்த 47இல் எதுவாகவும் இருக்கலாம். எனவே 47க்கு 9 என்ற கணக்கு மாறாது.

இன்னொரு கை. 5, 6, 7, 8 கையில் இருக்கின்றன. ஐந்து சீட்டுத் தொடர் வேண்டும். 4 வந்தாலும் சேரும், 9 வந்தாலும் சேரும். நான்கும் நான்கும் எட்டு வழிகள், 100க்கு 17. ஆனால் கையில் 5, 6, 8, 9 இருந்தால்? 7 ஒன்றுதான் நடுவிலுள்ள ஓட்டையை அடைக்கும். நான்கே வழிகள். 100க்கு எட்டரை. கையில் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி ஆசை காட்டுகின்றன. இரண்டுமே "ஒரே ஒரு சீட்டு" தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றின் மதிப்பு மற்றதில் பாதி. கலிலியோவின் பகடைப் பாடம் இங்கேயும் வருகிறது.

குழந்தைகளோடு இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள 47 ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்குங்கள். ஒன்பதில் மட்டும் சுண்ணாம்பால் புள்ளி வையுங்கள். காய்ந்த பிறகு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஒன்று எடுங்கள். பார்த்துக் குறித்துக்கொண்டு, திரும்பவும் பையிலே போட்டுக் குலுக்குங்கள். நூறு முறை செய்து பாருங்கள். புள்ளி வைத்த கொட்டை சரியாக 19 முறைதான் வரும் என்று நான் சொல்லமாட்டேன்; 15 வரலாம், 23ம் வரலாம். ஆனால் 50 முறை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாமாவின் மனம் எதிர்பார்த்தது கிட்டத்தட்ட அந்த 50ஐத்தான்.

வாய்ப்பு தெரிந்தால் மட்டும் போதாது; விலையும் தெரிய வேண்டும். நடுவே 20 வெள்ளி கிடக்கிறது. அந்தச் சீட்டை எடுத்துப் பார்க்க மாமா ஐந்து வெள்ளி போட வேண்டும். போடலாமா? இதே நிலை 47 முறை வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது முறை இஸ்பேடு வரும். ஒவ்வொரு முறையும் 20 வெள்ளி, ஆக 180 வெள்ளி வரவு. 38 முறை வராது. ஒவ்வொரு முறையும் ஐந்து வெள்ளி, ஆக 190 வெள்ளி செலவு. பத்து வெள்ளி நட்டம். நடுவே 24 வெள்ளி கிடந்தால் வரவு 216. செலவு அதே 190. 26 வெள்ளி இலாபம். சீட்டு மாறவில்லை, வாய்ப்பு மாறவில்லை. விலை மட்டும் மாறியது. பாஸ்கல் 64 காசைப் பிரித்தாரே, அதே கணக்குத்தான் இது. முற்றுப்பெறாத கையும் முற்றுப்பெறாத ஆட்டந்தான்.

20ஆம் நூற்றாண்டில் டெக்சாஸ் மாநிலத்தில் தோன்றிய மற்றொரு வகைப் போக்கர் உலகெங்கும் பரவியது. 1970 முதல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் இதற்கு ஆண்டுதோறும் போட்டி நடந்து வருகிறது. அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக. ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக. பொதுச் சீட்டு மூன்று விரிக்கப்பட்ட பிறகு, இன்னும் இரண்டு வரவேண்டியிருக்கும். நான்கு இஸ்பேடு வைத்திருப்பவருக்கு இப்போது இரண்டு வாய்ப்பு. ஒன்றுக்கு 19 என்றால் இரண்டுக்கு 38 என்று பலர் கூட்டிவிடுகிறார்கள். அது தவறு. இரண்டு சீட்டுமே இஸ்பேடாக வரும் சமயங்களை அந்தக் கூட்டல் இருமுறை எண்ணிவிடுகிறது. வராமல் போவதை எண்ணுவதே நேரான வழி. முதல் சீட்டு வராமல் போக 47க்கு 38 வழி. இரண்டாவதும் வராமல் போக 46க்கு 37 வழி. இரண்டையும் பெருக்கினால் 100க்கு 65. ஆகவே வருவதற்கு 35. மெரே கனவான் சறுக்கிய அதே இடத்தில்தான் இன்றைய ஆட்டக்காரர்களும் சறுக்குகிறார்கள்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் மனிதன் ஏன் ஏமாறுகிறான்? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, "இவ்வளவு நேரம் வரவில்லை, இனி வந்தே தீரும்" என்ற எண்ணம். சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. பத்து முறை கலைத்துப் போட்டும் இஸ்பேடு வரவில்லையே என்று பதினோராம் முறை அது நம்மீது இரக்கப்படாது. ஒவ்வொரு முறையும் 47க்கு 9தான். பெர்னூலி சொன்ன விகிதம் பல்லாயிரம் ஆட்டங்களில் தெரிவது. இன்றிரவு நம் கடனைத் தீர்த்துவைக்க அது கடமைப்பட்டதன்று.

இரண்டாவது, "இவ்வளவு போட்டாகிவிட்டது, பாதியில் எப்படி விடுவது?" என்ற எண்ணம். நடுவில் போட்ட பணம் நம்முடையது அன்று. போட்ட அந்தக் கணமே அது கை மாறிவிட்டது. இனிப் போடப்போகும் ஐந்து வெள்ளி தகுமா, தகாதா என்பது மட்டுமே கேள்வி. பச்சோலி செய்த பிழையும் இதுதான். நடந்ததையே பார்த்தார், நடக்கப்போவதைப் பார்க்கவில்லை.

மூன்றாவது, நினைத்த சீட்டு வந்துவிட்டால் வெற்றி நிச்சயம் என்ற எண்ணம். எதிராளியின் கை அதைவிட உயர்ந்ததாக இருக்கலாம். அதோடு, ஆட்டம் நடத்துகிறவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தமக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார் என்றால், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கொண்டுவந்த மொத்தப் பணமும் ஆட்டத்துக்கு ஆட்டம் குறைந்துகொண்டே வரும். நால்வர் விடிய விடிய ஆடினால், நால்வரிடமும் இருந்த பணத்தின் கூட்டுத்தொகை விடியும்போது குறைந்திருக்கும். எவ்வளவு கெட்டிக்காரர்கள் கூடி ஆடினாலும் இந்தக் கூட்டுத்தொகையை ஏற்ற முடியாது.

இப்படிச் சூதாட்ட மேசையில் பிறந்த இந்தக் கணக்கு அங்கேயே தங்கிவிடவில்லை. 1662இல் ஜான் கிராண்ட் என்ற இலண்டன் துணி வியாபாரி, நகரத்தின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். 1693இல் எட்மண்ட் ஹேலி (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்தவர்) பிரெஸ்லா நகரத்துப் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து, எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை ஆண்டு வாழ வாய்ப்புண்டு என்று அட்டவணை போட்டார். ஆயுள் காப்புறுதி அந்தக் கணக்கின்மீதுதான் எழுந்து நிற்கிறது. குடும்பத் தலைவன் திடீரென்று மறைந்தால் மனைவி மக்களுக்கு இவ்வளவு பணம் என்று ஒரு நிறுவனம் உறுதி சொல்ல முடிகிறதென்றால், வராத நாளைக்கு விலை சொல்லும் வித்தையை பாஸ்கலும் ஃபெர்மாவும் கண்டறிந்ததே காரணம். ஒரு பக்கம் குடும்பத்தை அழிக்கும் சூதாட்டம். மறுபக்கம் குடும்பத்தைக் காக்கும் காப்புறுதி. இரண்டுக்கும் கணக்கு ஒன்றே.

மாமா கெட்டவர் அல்லர், நேயர்களே. அவருக்கு எண்ணத் தெரியும். மரத்தைப் பார்த்தே இன்றைக்கு எவ்வளவு பால் இறங்கும் என்று சொல்லிவிடுவார். வானத்தைப் பார்த்து, நாளை மழை வந்து வேலை கெடுமா என்று மதிப்பிடுவார். அதெல்லாம் வாய்ப்பைக் கணிப்பதுதான். அந்தக் கணிப்பைச் சீட்டு மேசைக்கு மட்டும் அவர் கொண்டு போகவில்லை. அங்கே ஆசைதான் கணக்குப் பார்த்தது.

அத்தை கேட்ட கேள்விக்கு 1654ஆம் ஆண்டே விடை இருந்தது. அந்தச் சீட்டு வரும் என்று யாரும் சொல்லவில்லை. 47இல் ஒன்பது வழியில் வரும், 38 வழியில் வராது என்று மட்டுமே கணக்கு சொன்னது. அதைச் சொல்லிக்கொடுக்க அன்று எங்கள் லயத்தில் யாரும் இல்லை. இன்று உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கிறது. 47 ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள். சம்பள நாளுக்கு முன்னதாகவே பொறுக்கி வரட்டும்.